மூணேமுக்கால் ஏப்பம்

நான் தண்ணீர் திருடியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது என்னைப் பெரிய எலக்ட்ரானிக்ஸ் மேதை என்று நினைத்துவிடுவார்கள். ஆம்ப்ளிஃபயரில் வரும் வேண்டாத சத்தத்தை அடக்குவது பற்றி எனக்கு இன்று தெரிந்ததில் பாதி, அந்தக் கோடையில் என் திருட்டை மறைக்கப் போய்க் கற்றுக்கொண்டது.

எங்கள் தோப்பு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரள எல்லைச் செக்போஸ்ட்டுக்குக் கூப்பிடு தூரம். மாமனாருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சேர்த்து ஒரே கிணறு. ஆளுக்கொரு நீர்மூழ்கி மோட்டார் உள்ளே தொங்குகிறது. ஒற்றைப்படைத் தேதி எங்கள் முறை, இரட்டைப்படை பெரிய மாமா முறை. முப்பத்தொன்றாம் தேதி வந்தால் மறுநாளும் ஒன்றாம் தேதி, ஆக எங்களுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும் அல்லவா? அதற்காக அண்ணன் தம்பி இரண்டு வருடம் பேசாமல் இருந்து, கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, முப்பத்தொன்றாம் தேதி கிணற்றுக்கே லீவு என்று தீர்ப்புச் சொன்னார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது அந்தத் தீர்ப்புக்கு வயது ஒன்று. முறை என்றால் அந்த வீட்டில் எவ்வளவு பயம் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பிறந்த வீடு ஆனைமலைப் பக்கம். அங்கே தென்னைக்கு நடுவில் ஜாதிக்காய் போடாத தோப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆடி மாதம் போய்விட்டு வரும்போது கொஞ்சம் நாற்று கொண்டுவந்து எங்கள் தோப்பில் நட்டேன். மழை இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. மாசி பிறந்ததும் இலை ஓரமெல்லாம் தீய ஆரம்பித்தது. இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் ஜாதிக்காய் தானே பிழைத்துக்கொள்ளும். தாண்ட வேண்டுமே! மாமனாரிடம் சொட்டுநீர்க் குழாயில் ஒரு கிளை மட்டும் கேட்டேன்.

"ஏம்மிணி, இங்கத்த வெயிலுக்குத் தென்னைக்கே நாக்குத் தள்ளுது. இதுல உங்கப்பனூட்டுச் செல்லத்துக்கு வேற நானு தண்ணி கட்டோணுமா? வேணும்னா அங்கிருந்தே கொடத்துல கொண்டாந்து ஊத்திக்க" என்றார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். செடியைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன், அப்பன் வீட்டை இழுத்ததைப் பொறுக்க முடியவில்லை. ஒரு செடியைக்கூடச் சாக விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எங்கள் முறைத் தண்ணீரில் கைவைத்தால் மாமனார் குழாய்க் குழாயாக எண்ணிக் கண்டுபிடிப்பார். பெரிய மாமா முறையில் கைவைத்தால்? நீர்மூழ்கி மோட்டாருக்குச் சத்தமே கிடையாது. ஸ்டார்ட்டர் எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில்தான் இருக்கிறது.

நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஸ்ட்ரக்டர். காலை ஷிப்ட், மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். அந்த நேரத்தில் மாமனார் உண்ட மயக்கத்தில் கட்டிலில் கிடப்பார். அத்தை சீரியல் பார்ப்பார். அந்தச் சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டும் சத்தத்தில் எங்கள் ஸ்டார்ட்டரின் 'டக்' யாருக்குக் கேட்கப் போகிறது? வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். எல்லாமே எனக்குத் தோதாக அமைந்திருந்தது. இரட்டைப்படைத் தேதிகளில் மூணேமுக்காலுக்குப் பச்சைப் பொத்தான், பத்து நிமிடம், சிவப்புப் பொத்தான். ஜாதிக்காய்களுக்கு மட்டும் தண்ணீர் போகும்படி வால்வைத் திருப்பி வைத்திருந்தேன். சொல்லப்போனால் அந்தப் பத்து நிமிடம்தான் என் நாளிலேயே சந்தோஷமான நேரம்.

இதற்கு ஒரு மாதம் முன்பு, தை மாதத்தில், பெரிய மாமாவுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்திருந்தேன். அவர் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். மத்தியானத்தில் பழைய பாட்டுக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. "பையன்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறே, பெரிய மாமனுக்கு ஒரு செட்டு பண்ணித்தரப்படாதா?" என்று கேட்டார், செய்தேன். முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் 'டம்' என்று அதிர்ந்து, தின்பண்டத் தட்டில் இருந்த முறுக்கு துள்ளியது. மின்சாரம் உள்ளே நுழைந்ததும் கெப்பாசிட்டர்கள் நிறைந்து நிலைக்கு வர இரண்டு மூன்று விநாடி பிடிக்கும், அந்தத் தடுமாற்றம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகிறது. நடுவில் ஒரு ரிலே வைத்து, மூன்று எண்ணுகிற வரைக்கும் ஸ்பீக்கரைச் சேரவிடாமல் செய்தேன். அதோடு சத்தம் ஒழிந்தது.

"கல்யாணப் பொண்ணாட்டம் சித்த நேரங்கழிச்சுத்தான் வெளிய வருதாட்டருக்குது" என்று அவருக்கு ஒரே பெருமை. எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமைக்கு ஆயுள் மாசி வரைக்கும் இருந்தது.

ஒருநாள் பஸ் இறங்கி வரும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"அம்மிணி, உன்ற செட்டு ஏப்பம் விடுது."

"ஏப்பங்களா?"

"ஆமா. நல்லாப் பாடிட்டே இருக்கும், திடீர்னு டொப்புங்குது. பத்து நிமிசம் போனா மறுபடி டொப்பு. நாளுவிட்டு நாளு, மூணேமுக்காலுக்கு. மணி பாத்துட்டனில்ல?"

முப்பது வருடம் மணி பார்த்துத் தபால் கொடுத்த மனுஷன்.  மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்! எனக்கு மடி நிறையக் கனம். "பாக்கறனுங்க பெரிய மாமா, ஏதாவது லூஸ் காண்டாக்ட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓட்டமாக வீட்டுக்குள் போனேன்.

லூஸ் காண்டாக்ட் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஸ்டார்ட்டருக்குள் காயில் என்று ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் அது நிற்க மாட்டேன் என்கிறது, ஓடுகிற வண்டிமாட்டைக் கயிறு பிடித்து இழுத்தால் வண்டி முட்டிக்கொண்டு முன்னே வருகிற மாதிரி. அந்த முட்டல் ஒயருக்குள் பெரிய வோல்ட்டேஜாகக் கிளம்பும், காண்டாக்ட் முனையில் பொறி பறக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே போஸ்ட்டிலிருந்து லைன். என் திருட்டு, கம்பி வழியாகவே நடந்து போய்ப் பெரிய மாமா வீட்டு ஸ்பீக்கரில் உட்கார்ந்து, வந்துட்டேன் என்று சொல்கிறது. அந்த ஸ்பீக்கரைச் செய்து கொடுத்தவளும் நானே. யாரிடம் போய் அழ? திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. பெரிய மாமாவின் மோட்டாரைப் போட்டாலும் நிறுத்தினாலும் அதே செட்டில் சத்தம் வரத்தானே வேண்டும்? பழியை அதன் மேல் போட்டுவிட்டால் என்ன?

"உங்க ஸ்டார்ட்டர்தானுங்க காரணம்" என்றேன், ஐடிஐ முகத்தோடு. அவருடைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கெப்பாசிட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து மாட்டினேன். முட்டிக்கொண்டு வருகிற வேகத்தைக் கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்ளும், ரெசிஸ்டர் அதைச் சூடாக்கிக் கரைத்துவிடும். மோட்டாரைப் போட்டுக் காட்டினேன், நிறுத்திக் காட்டினேன். செட்டில் ஒரு முனகல்கூட இல்லை. பெரிய மாமா காதைக் கோணி வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

மறு இரட்டைப்படை நாள் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் மறுபடி நின்றார். "என்ற மோட்டாரு கம்முனு ஆயிருச்சு கண்ணு. மூணேமுக்கால் ஏப்பம் மட்டும் வந்துட்டே இருக்குது. அப்போ அது யாருதுங்கறே?"

முகத்தைப் பார்த்தேன். பால் குடிக்கிற குழந்தை மாதிரி இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு என்னுடையதாக இருந்ததால், அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நியாயமாக ஒரு மனுஷி என்ன செய்திருக்க வேண்டும்? திருட்டை நிறுத்தியிருக்க வேண்டும். நான் ஜாதிக்காய்களைப் போய்ப் பார்த்தேன். உச்சியில் பளபளவென்று இளந்தளிர் விட்டிருந்தன. பங்குனி வெயில் தலைக்கு மேல் நிற்கிறது, நிறுத்தினால் பத்து நாளில் விறகு. சத்தத்தைத்தான் நிறுத்த முடியும், தண்ணீரை முடியாது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

முதலில் செட்டில் கைவைத்தேன். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் ஒரு ஃபில்டர் போட்டேன். பெரிய மாமா போனிலிருந்து பாட்டு வரும் ஒயர் சாதா ஒயர், மூன்று முழ நீளம், காற்றில் வருகிற எல்லாச் சத்தத்தையும் பிடித்து இழுத்து வரும். அதை எடுத்துவிட்டு, மேலே பின்னல் கவசம் போட்ட ஒயர் மாட்டினேன். எர்த் கம்பிகளை ஆளுக்கொரு மூலையில் விட்டிருந்தேன், வெட்கக்கேடு, அதையெல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தேன். மாணவன் எவனாவது அப்படி விட்டிருந்தால் ரெக்கார்ட் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

"எப்படிங்க இருக்குது பெரிய மாமா?"

"ஏப்பம் போயிருச்சு. இப்ப விக்கல். டிக்குங்குது."

அந்த 'டிக்'கையும் ஒழிக்க வழி ஒன்றுதான். நோய் எங்கே பிறக்கிறதோ அங்கே மருந்து போட வேண்டும், அதாவது எங்கள் ஸ்டார்ட்டரில். வெள்ளிக்கிழமை மாமனாரும் அத்தையும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மெயினை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். காயிலுக்குக் குறுக்கே ஒரு ஜோடி, மோட்டாருக்குப் போகும் காண்டாக்ட்டுகளுக்குக் குறுக்கே ஒவ்வொரு ஜோடி. லைன் வோல்ட்டேஜைத் தாங்கும் நல்ல கெப்பாசிட்டராகத் தேடி, பாலக்காடு போய் வாங்கிவந்தது. ஈயம் உருக்கிச் சால்டர் வைத்ததைப் பார்த்தால் நகைக்கடையில் வைக்கலாம், அவ்வளவு அழகு. திருட்டுக்காக ஒருத்தி இவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்த இரட்டைப்படை நாள் மூணேமுக்காலுக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு, வேலியோரம் போய்க் காதை நீட்டினேன். பெரிய மாமா வீட்டில் பாட்டு ஆற்றுத் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தது. டொப்பு இல்லை, டிக்கு இல்லை. எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போல இருந்தது. இதைப் போய் யாரிடமாவது சொல்லிப் பீற்றிக்கொள்ள முடியாதே என்பது ஒன்றுதான் குறை.

பெரிய மாமா அதற்கப்புறம் ஏப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "இப்பல்லாம் ஒண்ணுமே கேக்கறதில்ல போ" என்றார். குரலில் ஏதோ சுரத்துக் குறைந்திருந்தது. பாராட்டக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வந்தது. கிணற்றில் ஓர் ஆள் மட்டம்தான் தண்ணீர். ஓர் இரட்டைப்படை நாள், மோட்டாரைப் போட்டேன், உடனே போன் வந்தது. பரீட்சை டியூட்டி பற்றி ஐடிஐ ஆட்கள் எல்லோரும் சேர்ந்து போனிலேயே மீட்டிங். ஆளாளுக்குப் பேசி முடிக்க முக்கால் மணி நேரம். முடித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டார்ட்டர் தானே துண்டித்துக்கொண்டு மோட்டார் நின்று கிடக்கிறது. மறுபடி பச்சையை அமுக்கினேன், 'ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிட்டது.  நாளைக்கு எங்கள் முறை.

மறுநாள் காலை மாமனார் பொத்தானை அமுக்கினார். நான் ஐடிஐக்கு லீவு சொல்லிவிட்டு, தலைவலி என்று உள்ளே படுத்திருந்தேன். ஒன்பது மணிக்கு மெக்கானிக் வந்து, கிணற்று மேட்டில் முக்காலி நட்டு, சங்கிலி போட்டு மோட்டாரை மேலே இழுத்தார். எவ்வளவு நேரம்தான் படுத்திருப்பது, நானும் போனேன். கயிறு பிடிக்கப் பெரிய மாமாவும் வந்திருந்தார்.

மெக்கானிக் மோட்டாரைத் திறந்து காட்டினார். உள்ளே வைண்டிங் கன்னங்கரேல் என்று இருந்தது. "தண்ணியில்லாம ஓடியிருக்குதுங்க. ரெண்டு மோட்டாரும் ஒட்டுக்கா ஓடுச்சுன்னா இப்பிடித்தான் ஆகும். பெரியவர் மோட்டாரு கீழ தொங்குது, அது உறிஞ்சிரும். உங்குளுது மேல, காத்தக் குடிச்சிட்டுக் கருகிப்போயிருச்சு."

மாமனார் நிமிர்ந்தார். முந்தின நாள் நாங்கள் மோட்டாரே போடவில்லை என்பது அவர் கணக்கு. கடைசியாகப் போட்டது அதற்கு முந்தின நாள், எங்கள் முறையில். அன்றைக்கு இரண்டு மோட்டாரும் ஓடியிருந்தால் யார் போட்டிருப்பார்கள்?

"எங்க மொறைல நீ மோட்டாரு போட்டியா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.  "அந்த ரெண்டு வருசம் பேசாம இருந்தது பத்தாதா உனக்கு? கேட்டா நானு தந்திருக்க மாட்டனா?"

பெரிய மாமா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கண் ஒரு நொடி என் பக்கம் வந்துவிட்டு மண்ணுக்குப் போனது. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்கு முதல் ஏப்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தும் பழியை வாங்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தானுங்க மாமா" என்றேன். "நான்தான் திருடுனேன். ரெண்டு மாசமா, பெரிய மாமா முறைல. ஜாதிக்காய்க்கு. நேத்து மோட்டார் கருகுனதும் என்னாலதான். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

 அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மெக்கானிக், ஸ்பானரை எங்கே வைத்தோம் என்பது திடீரென்று மறந்துபோய்த் தேட ஆரம்பித்தார்.

முதலில் வாயைத் திறந்தது பெரிய மாமாதான். என்னை விட்டு விளாசினார்.

"திருட்டா? அடி அறிவு கெட்டவளே! டொப்புனு கேட்டதும் நானு எந்திரிச்சுப் போயி என்ற மோட்டார நிறுத்திப்போட்டு உக்காந்திருப்பேன். ரெண்டாவது டொப்பு கேட்டப்பறம்தான் மறுபடி போடுவேன். ரெண்டும் ஒட்டுக்கா ஓடுனா உன்றது கருகீருமுன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத்தான போயிட்டிருந்துச்சு! ஏப்பம் நின்னதும் நீ தண்ணி எடுக்கறதையே விட்டுட்டயாட்டருக்குதுன்னு நெனச்சுட்டேன். எதுக்கு அந்த ஏப்பத்தப் போயி நிறுத்துனே? படிச்சவளாம், படிச்சவ!"

அந்த மூணேமுக்கால் சத்தத்தை அடக்க நான் பட்ட பாடு, பாலக்காடு போய் வாங்கிவந்த கெப்பாசிட்டர், நகைக்கடை சால்டர், எல்லாம் என் கண்முன் வந்து நின்று கைகொட்டிச் சிரித்தன. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடினால் தானே நிற்கச் செய்யும் சர்க்யூட்டை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள் நான். வீட்டு மோட்டாருக்கு அதை வைக்கத் தோன்றவில்லை.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. தன் மருமகள் செடிக்குத் தான் தராத தண்ணீரை அண்ணன் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தி நிறுத்திக் கொடுத்திருக்கிறார். அது அவருக்கு எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதியில் எழுந்தார்.

மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்விட்டது. திரும்பி வருகிற வரைக்கும் எங்கள் முறைக்கும் தன் மோட்டாரையே போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய மாமா தன் குழாயிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கம் ஓஸ் பைப் இழுத்துவிட்டார். அடுத்த ஒற்றைப்படை நாள் சாயங்காலம் பரீட்சை டியூட்டி முடிந்து நான் பஸ் இறங்கி வந்தபோது, மாமனார் அந்த ஓஸைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தார். தென்னைகளைத் தாண்டி நேராக ஜாதிக்காய் வரிசைக்குப் போய், முதல் செடியின் பாத்தியில் தண்ணீரை விட்டார். நான் பின்னாலேயே போய் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தன நட்டே?"

"இருபதுங்க மாமா. மாசிலயே ரெண்டு பட்டுப்போச்சுங்க. பதினெட்டு இருக்குது."

"பத்தொம்பது" என்றார். "அந்த வேலியோரத்துச் செடி பட்டுப்போச்சுன்னு நீ விட்டுட்டே. போயிப் பாரு."

போய்ப் பார்த்தேன். நான் கைவிட்ட குச்சியின் அடியில், இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சையாகத் துளிர்த்திருந்தது. சுற்றிலும் மண் ஈரம். என் வால்வுத் தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறியதே இல்லை.

"இதுக்கு எப்படிங்க மாமா தண்ணி?"

ஓஸை அடுத்த பாத்திக்கு மாற்றினார்.  "காலைல மொகங்கழுவப் போறப்ப ஒரு சொம்பு" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கத்தகிட்டச் சொல்லிப்போடாத."